பரந்தன் கடையில் அழிந்த பெயர்

தைப்பொங்கலன்று காலையில் கடையின் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாழ்த்துச் செய்தி போனது. அனுப்பியவள் தனுஷா. பரந்தன் சந்தியில் தண்ணீர்ப் பம்பும் விதையும் மருந்தும் விற்கும் கதிர்காமநாதனின் கடையில் கணினியைப் பார்ப்பவள் அவள்தான்.

கடைக்குப் புதிய மென்பொருள் வந்தபோது, பழைய பற்றுச்சீட்டுகளைக் கிளறி எல்லாருடைய விபரத்தையும் அதில் ஏற்றியவளும் அவளே. யார் என்ன வாங்கினார், எந்த ஊர், என்ன தொலைபேசி இலக்கம், அந்தப் பொருளைத் தந்த விநியோகத்தர் யார் என்று மாதக்கணக்காக ஏற்றினாள். தங்கராசா என்ற பெயரில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரையும் தொலைபேசியில் பிடித்து, ஊர் கேட்டுப் பிரித்து வைத்தாள். வேலை பிடித்திருந்தது. ஒருவரையும் தவறவிடக்கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம்.

பொங்கலுக்கு மறுநாள் இரணைமடுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் அமராவதி. கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார். "வீரகத்தி அவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்று திரையில் இருந்தது.

"இவர் என்ர மனுசன். ஆடி மாதம் றோட்டில அடிபட்டுத் தவறிட்டார், பிள்ளை."

தனுஷா அந்தச் செய்தியை இன்னொருமுறை வாசித்தாள்.

"உங்களில கோவமில்லை. உங்களுக்குத் தெரிஞ்சிராது. ஆனா மாமா, இவர்ர அப்பா, படுக்கையில கிடக்கிறார். பேத்தி தெரியாமல் சத்தமாய் வாசிச்சிட்டாள். மகன்ர பேர் காதில விழுந்த நேரமிருந்து, வந்திட்டானோ, வந்திட்டானோ எண்டு வாசலைப் பார்த்துக் கேட்டபடி இருக்கிறார்."

அவர் போன பின்பும் தனுஷா கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுத்தம் முடிந்த ஆண்டு செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. காணாமல் போனவர்களின் பெயர்களை அங்கே ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அண்ணன் நிருஷனின் பெயரையும் அம்மா கொடுத்திருந்தா. அந்தப் பெயர் கூரைத் தகரங்களுக்கு மேலால் போகும்போதெல்லாம் அம்மா எழும்பி நின்றுவிடுவா. கடைசிவரை ஒருவரும் வரவில்லை. வராத ஆளின் பெயரைக் கேட்பது ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று தனுஷாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஒருக்காலும் அந்த வீட்டுக்கு அந்தப் பெயர் போகக்கூடாது என்று நினைத்தாள். வீரகத்தியின் விபரத்தைத் திறந்தாள். நிரந்தரமாக நீக்கவா என்று மென்பொருள் கேட்டது. யோசிக்காமல் ஆம் என்று கொடுத்தாள். மனம் கொஞ்சம் ஆறியது.

பங்குனி வெயிலில் அமராவதி திரும்பவும் வந்தார். இந்த முறை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு பம்பும் வந்தது.

"கச்சான் கடலை பூத்து நிக்குது, பிள்ளை. இது திடீரெண்டு நிண்டுபோச்சு. போன வருசம்தான் அவர் உங்களிட்ட எடுத்தவர். ரெண்டு வருச உத்தரவாதம் இருக்கெண்டு சொன்னவர்."

"பில் இருக்கோ, அம்மா?"

"அவர்ர மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள வச்சிருந்தவர். சைக்கிள் இன்னும் பொலிசில கிடக்கு."

தனுஷா பெயரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெயரோடு சேர்ந்து அவர் வாங்கிய பம்பும், உத்தரவாதமும், எல்லாம் அழிந்துபோயிருந்தன. மென்பொருள் வந்தபின் கடையில் காகிதப் பிரதியும் வைப்பதில்லை. வவுனியாவிலிருக்கும் விநியோகத்தரின் பதிவும் கடையின் பதிவோடு இணைந்தது. இங்கே அழித்தது அங்கேயும் அழிந்திருக்கும்.

"நான்தான் அழிச்சனான், அம்மா. திரும்பவும் அவர்ர பேருக்கு ஏதும் வந்திடக்கூடாது எண்டு."

அமராவதி கதிரையில் இருந்தார். பிறகு, "செத்தவர் செத்தவர்தான். அவர் வாங்கித் தந்தது உயிரோட இருக்குதே, பிள்ளை. அதையும் ஏன் அழிச்சனீங்கள்?" என்றார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். தனுஷா பம்பைக் கடைக்குள் இறக்கச் சொன்னாள்.

விநியோகத்தரின் ஆள் அஸ்மினுக்குத் தொலைபேசி எடுத்தாள். பதிவில் இல்லாத பம்பை ஏற்க முடியாது, கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தில் கேட்பார்கள் என்றார் அவர். அடுத்த நாள் தனுஷா லீவு போட்டு, பம்பிலிருந்த இலக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு வவுனியா பஸ் ஏறினாள்.

அஸ்மின் தன் கணினியில் தேடிப்பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பம்ப் எங்கட தான், தங்கச்சி. இலக்கம் சரி. ஆனா வாங்கின ஆள் இல்லையே."

"ஆள் இருந்தவர், அஸ்மின் நானா. நான் அழிச்சது. பிழை என்ர. அந்த அம்மாவுக்கு அதால நட்டம் வரக்கூடாது. நான் அழிச்சனான் எண்டு கையெழுத்து வச்சுத் தாறன், கொழும்புக்கு அனுப்புங்கோ."

அஸ்மின் அவளைப் பார்த்தார். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய காலத்தில் அவருடைய குடும்பமும் முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருந்து, பல வருடங்களுக்குப் பின் திரும்பியது.

"நாங்க திரும்பி வந்த நேரம் வாப்பாவை ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிப் போனனான். அப்படி ஒரு ஆள் இந்த ஊரில இருந்ததா பதிவில இல்லையெண்டாங்கள். அவர் பிறந்த ஊர் அது. மறு கதை கதைக்காமல் வெளியில வந்து மரத்துக்குக் கீழ இருந்திட்டார்." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளி, "எழுதித் தாங்க. என்ர கையெழுத்தையும் வைக்கிறன். கொழும்பு என்ன சொல்லுமெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

கொழும்பு உடனே ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அது ஒத்துக்கொண்டு, பம்பு திருத்தி வருவதற்குள் அமராவதியின் மேட்டுக்காணியில் ஒரு பக்கம் காய்ந்துவிட்டது. மற்றப் பக்கத்தை அயலவரின் பம்பைக் கெஞ்சி வாங்கி, விட்டுவிட்டு இறைத்துக் காப்பாற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷா அங்கே போய், காய்ந்த பக்கத்தின் வரம்பில் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அமராவதி தேத்தண்ணி தந்து, வேறு கதை கதைத்தார்.

அமராவதி பம்பை எடுக்க வந்த அன்று, அது யாருடையது என்று திரும்பப் பதிய வேண்டியிருந்தது. கதிர்காமநாதன் தன் மேசையிலிருந்து, "உங்கட மனுசன்ர தம்பி, மச்சானார் பேரில போட்டுவிடுங்கோவன். இனிமேல் நீங்கள் அலையத் தேவையில்லை" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"காணியில குனியிறது நான், முதலாளி" என்றார் அமராவதி.

கதிர்காமநாதன் தன் கணக்குக் கொப்பிக்குத் திரும்பினார்.

தனுஷா முதலில் வீரகத்தியின் விபரத்தை மீண்டும் ஏற்றி, இவருக்குச் செய்தி அனுப்பக்கூடாது என்று குறித்தாள். பிறகு புதிய பக்கத்தைத் திறந்தாள். பெயர், ஊர், இலக்கம். தொழில் என்ற இடத்தில் கை நின்றது. அங்கே எல்லாப் பெண்களுக்கும் அவள் இல்லத்தரசி என்றே போட்டு வந்திருந்தாள்.

"என்ன போடட்டும், அம்மா?"

"விவசாயம்தானே செய்யிறன், கமக்காரி எண்டு போடுங்கோ."

எழுத்தைச் சரிபார்க்க அமராவதி திரைக்குக் கிட்டக் குனிந்தார். பார்த்துவிட்டு, பம்பைத் தூக்க ஆள் கூப்பிட வெளியே போனார்.