அல்லித் தொட்டிக்குக் கம்பிவலை

குயிலாப்பாளையத்தில் இருதயமேரி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மீன்காரரின் தராசைத் திருப்பிப் பார்ப்பாள். பால் பாக்கெட்டை அழுத்திப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுத் தையற்காரி மலர்விழிக்கு மட்டும் இந்தச் சோதனை கிடையாது. புருஷன் போனதிலிருந்து மேரிக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான்.

மேரிக்கு ஆரோவில் பக்கம் தோட்ட வேலை. அங்கே கேட்டு வாங்கி டிபன் பாக்ஸில் கொண்டுவந்த ஓர் இலையிலிருந்துதான் அவள் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் நீல அல்லி வந்தது. இந்த ஜாதி அல்லிக்கு இலையின் நடுவிலேயே குட்டிச்செடி முளைக்கும். இலை போனால் ஒரு செடியே போன மாதிரி. களிமண்ணில் நட்டு, உரத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வேரடியில் செருகி, கண்ணும் கருத்துமாக வளர்த்தாள்.

ஒருநாள் காலை இரண்டு இலைகளில் குட்டி இருந்த இடத்தையே காணோம். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டியதுபோல் வளைவாக, பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. இந்தத் தெருவில் கத்தரிக்கோல் பிடிக்கிற கை வேறு யாருக்கு? முந்தின நாள்தான் மலர்விழி ஒரு குட்டி கேட்டிருந்தாள். அப்புறம் தரேன் என்று மேரி சொல்லியிருந்தாள். சந்தேகம் வந்துவிட்டால் மேரிக்குக் கண் நன்றாகத் தெரியும், புத்திதான் வேலை செய்யாது. வேலி இடுக்கில் பார்த்தாள். மலர்விழியின் கொல்லையில் தட்டு போட்டு மூடிய பிளாஸ்டிக் டப் ஒன்று இருந்தது.

அவ்வளவுதான். அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்களைக்கூடப் பார்க்காமல் உள்ளே புகுந்து, தட்டைத் தூக்கிக் கைவிட்டுத் துழாவினாள். தைக்குமுன் சுருங்கட்டும் என்று ஊறப்போட்ட லைனிங் துணிதான் கையோடு வந்தது.

"என்னாடி தேடிக்கினு இருக்கற?" என்றாள் மலர்விழி.

"எங் குட்டிய எங்க ஒளிச்சி வெச்ச? நீதான வெட்டிக்கினு வந்த?"

மலர்விழி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பேசாமல் இருந்ததும் மேரிக்குச் சாட்சியாகத்தான் பட்டது.

அன்றே தொட்டிக்குக் கம்பிவலை போட்டுப் பூட்டினாள். மறுநாள் பூட்டு அப்படியே இருந்தது. இன்னும் சில இலைகள் வெட்டுப்பட்டிருந்தன. தண்ணீரில் மிதந்த இலைத்துண்டு ஒன்றை எடுத்தாள். இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டு பைபோல் இருந்தன. பிரித்ததும் உள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டியது. மேரிக்கு வெட்கத்தில் காது சுட்டது.

புழுவை டம்ளரில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"இதுதாண்டி வெட்டிக்கினு இருந்திருக்கு! நான் தப்பா நெனச்சிட்டேன், மலரு. மன்னிச்சிக்கோ."

மலர்விழி டம்ளரை எட்டிப் பார்த்தாள். "சரி" என்றாள். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய் பீரோவைத் திறந்து வைத்தாள். அரிசி டிரம்மின் மூடியை எடுத்தாள். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியையும் இழுத்துத் திறந்தாள்.

"எதுக்குடி இதெல்லாம்?" என்றாள் மேரி.

"எல்லாத்தையும் பாத்துக்கினு போங்க. நாளைக்கு உங்க வூட்ல வேற எதுனா காணாம போவும். அப்பவும் நாலு பேரு முன்னாடி வந்து கேக்க வேணாம் பாருங்க."