சிவப்புத் தண்டுப் பனையும் ரெண்டு சிரட்டை உப்பும்

எனக்கு ஏலாது எண்டு ஆரும் சொன்னால் காணும், அதைச் செய்யாமல் விடமாட்டன். ஓலை பச்சை, தண்டு மட்டும் குங்குமச் சிவப்பு. அப்பிடி ஒரு அலங்காரப் பனை. பூக்கண்டு விக்கிறவை லிப்ஸ்டிக் பாம் எண்டுவினம். மழை ஊர் மரம். சுட்டெரிக்கிற கச்சான் காத்தும் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணியும் உள்ள திருகோணமலையில தப்பாது எண்டு வித்தவரே சொன்னவர். உடன வாங்கினன்.

சாண் நீளக் கண்டு, லிங்கநகர் வீட்டு முற்றத்துச் சாடியில ஆறு வருசத்தில என்ட தலைக்கு மேல வளர்ந்திட்டுது. கிணத்துத் தண்ணி காட்டினதே இல்லை, குழாய்த் தண்ணிதான். கச்சான் வீசேக்க பழைய சீலை கட்டி மறைப்பன். "பிள்ளையளைக்கூட நீர் இப்பிடிப் போர்த்தி வளர்க்கேல்லை" எண்டு என்ட மனுசன் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். திருகோணமலையில இப்பிடி ஒண்டை வேற ஆற்றையும் வீட்டில நான் காணேல்லை.

போன வருசம் மகளிட்டை ஒரு மாதம் நிண்டிட்டு வந்தனான். வந்து பார்த்தால் ஓலை நுனியெல்லாம் கருகி, குருத்து வாடிக் கிடக்குது. ஐயோ எண்டு மனுசனைக் கூப்பிட்டன்.

"என்ன செய்தனீங்கள்?"

மனுசன் நிலத்தைப் பார்த்தார். "உப்புப் போட்டனான். ரெண்டு சிரட்டை."

அவர் மூதூர்ப் பக்கம் தென்னங்காணிக்குள்ள வளர்ந்தவர். தென்னையடியில உப்புப் போடுறது அங்கத்தை வழக்கம். இதுவும் அந்த இனம்தானே, நான் வரேக்க செழிச்சு நிக்கட்டும் எண்டு ஆசையில போட்டிருக்கிறார்.

"ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்? குருத்து அழுகினால் என்ட ஆறு வருசமும் போச்சு!" ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்தினன்.

கத்தி முடிய வேலையைத் தொடங்கினம். மேல்மண்ணை வழிச்செறிஞ்சு, சாடியைக் கல்லில ஏத்தி, வாளி வாளியாக் குழாய்த் தண்ணி ஊத்தினம். அவர் ஊத்த, அடியால வடியிறதை நான் விரலில தொட்டு நாக்கில வைப்பன். "கரிக்குது. இன்னும் ஊத்துங்கோ." காலமையும் பின்னேரமும் இதுதான். நாரிப்பிடிப்பில இடுப்பு நிமிராத மனுசன், ஒரு நாளும் முடியாது எண்டு சொல்லேல்லை. நான் அவரோட வேற ஒரு கதையும் கதைக்கவுமில்லை. எட்டாம் நாள் கரிப்பு நிண்டுது. குருத்து வளருதோ எண்டு பார்க்க, பக்கத்து மட்டைக்கு நேரா அதில பேனையால ஒரு கோடு கீறினன். ரெண்டு கிழமை கோடு அசையேல்லை. குசினிக்குள்ள நிண்டு அழுதனான்.

பிறகொரு காலமை கோடு விரலளவு மேல ஏறி நிண்டுது. "இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!" எண்டு கத்தினன். அவர் வந்து, கிட்டப் போகப் பயந்து, தள்ளி நிண்டு பார்த்தார். அந்தக் குருத்து விரிஞ்சு வந்த மட்டை முந்தினதுகளை விடச் சிவப்பு.

போன கிழமை வீட்டுக்கு வந்த ஒரு அம்மா வாயைப் பிளந்தவ. "இதை ஆர் வளர்த்தது?"

"நாங்கள்" எண்டார் மனுசன், நெஞ்சை நிமித்திக்கொண்டு.

நாங்களாம்! உப்புக் கதை வாய் வரைக்கும் வந்திட்டுது. பார்த்தால், அவர் சாடியில சாய்ஞ்சு, வாளி தூக்கின நாரியை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

"ஓம், நாங்கள்தான்" எண்டன்.