கம்சனா முடித்துக்கொடுத்த படங்கள்

யார் வீட்டுக்குப் போனாலும் கம்சனா முதலில் சுவரைத்தான் பார்ப்பாள். சாமிப் படமோ பட்டமளிப்புப் படமோ சற்றே சரிந்திருந்தால் போதும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே போய் ஒரு விரலால் தட்டி நிமிர்த்திவிடுவாள். பிறகு பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, “இப்பதான் வடிவு” என்பாள். அதுவரை படம் சரிந்திருந்ததே வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது.

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் ஈழத்து ஆட்களின் கலியாணம், பெண்பிள்ளை பெரிதான சாமத்திய வீடு எது நடந்தாலும் சோடனை பெரும்பாலும் அவளுடையதுதான். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் தாமரை வெட்டுவாள், அன்னம் வெட்டுவாள், மயிலுக்குத் தோகை ஒட்டுவாள். மணவறையில் உள்ளங்கை அளவு இடம் சும்மா கிடந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. “வெறுமையா விட்டா வீடியோவிலை ஓட்டை மாதிரித் தெரியும் அக்கா” என்று சொல்லிக்கொண்டே அங்கே ஒரு பூவைச் செருகுவாள். இதெல்லாம் சனி ஞாயிறுகளில். மற்ற நாட்களில் சமூகப்பணி படித்ததற்கான வேலை: சிக்கலில் இருக்கும் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் உதவுவது. வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள், கணவனுக்கு இரவு வேலை.

இப்படிப்பட்டவள் ஒருநாள் மாஸ்டர் படிக்கப்போகிறேன் என்றாள். என்ன படிப்பென்று கேட்டேன். ஓவியச் சிகிச்சை என்றாள். குடித்துக்கொண்டிருந்த தேநீர் எனக்குப் புரைக்கேறிவிட்டது. படம் கீறி வருத்தம் மாற்றுவதா? அதற்கொரு பட்டமா? அவள் சிரிக்கவில்லை. “எங்கடை சனம் டொக்டரிட்டைப் போனா நெஞ்சு நோகுது, முதுகு நோகுது எண்டுதான் சொல்லும். மனம் நோகுது எண்டு சொல்லத் தெரியாது. கீறவாவது விடுவம் எண்டு பாக்கிறன்” என்றாள்.

விண்ணப்பத்துக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். தன் கையால் வரைந்த படங்கள் கொண்ட கோப்பு ஒன்று. ஜெர்மன்காரர் அதை மாப்பெ என்பார்கள். மற்றது, ஒரு குழுவோடு வேலை செய்த அனுபவத்தின் அறிக்கை. அந்தக் குழு நாங்கள்தான். நகரின் வடக்கே நோர்ட்ஸ்டாட்டில் உள்ள மண்டபம் ஒன்றில் புதன்தோறும் ஐம்பது தாண்டிய பெண்கள் கூடினோம். மனநல வைத்தியரிடம் போகச் சொன்னால் “எனக்கென்ன விசரே?” என்று கேட்கும் ஆட்கள், படம் கீற என்றதும் றோல்ஸும் பிளாஸ்கில் தேநீருமாக வந்து இறங்கினார்கள்.

முடியாத படங்களைக் கம்சனா வீட்டுக்குக் கொண்டுபோவாள், காய வைக்க. அடுத்த புதன் அவை திரும்பி வரும்போது அவற்றில் ஏதாவது கூடியிருக்கும். நான் கீறிய கிளிக்குக் கால் கிடையாது. எனக்குக் கால் கீற வராது. திரும்பி வந்த கிளி நகத்தோடு ஒரு கொய்யாக் கிளையில் இருந்தது. கொய்யாப்பழத்தில் அணில் கடித்த அடையாளம் வேறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே கீறியதென்று சொல்லி மருமகளுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

எங்களில் ஆகக் குறைவாகப் பேசுபவர் செல்லம் அக்கா. கணவர் இறந்து இரண்டு வருடம். கிழமைக்குக் கிழமை ஒரே படம்தான் கீறுவார்: சமையலறை மேசை, சுற்றிவர நாலு கதிரைகள். மூன்றுக்கு மண்ணிறம் தீட்டுவார். நாலாவதைத் தொடவே மாட்டார். அது வெறும் கடதாசியாக வெள்ளையாய் நிற்கும். கம்சனா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அந்தக் கதிரையில் செல்லம் அக்காவின் கணவரை இருத்திக் கொண்டுவந்தாள். திருநீறு, மூக்குக்கண்ணாடி, லேசான சிரிப்பு. அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த அந்தியேட்டி மலரில் இருந்த அதே முகம். செல்லம் அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, “வடிவா இருக்கு பிள்ளை” என்றார். எங்கள் கண்களெல்லாம் கலங்கிவிட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் அவரே தன் கையால் கணவரை அந்தக் கதிரையில் கீறத் தொடங்கினார். கம்சனாவின் அறிக்கை முழுக்க இதைப் பற்றித்தான்: துக்கத்தைச் சொல்ல முடியாதிருந்த ஒருத்தி மெல்ல மெல்லத் தேறி வந்த கதை.

விண்ணப்பிக்கும் முன்பு மாப்பெயைக் கொண்டுபோய்க் காட்டி ஆலோசனை கேட்கலாம். கல்லூரி வேறு ஊரில். “துணைக்கு வாங்கோ அக்கா” என்றாள், போனேன். அங்கே ஆலோசனை சொல்லும் ரெம்மெர்ட் என்ற அம்மா, எங்கள் வயதுதான் இருக்கும், படங்களை மேசையில் பரப்பினார். கம்சனாவின் சொந்தப் படங்களுக்குத் தலையாட்டினார். குழுவின் படங்களுக்கு வந்ததும் தலை நின்றுவிட்டது. என் கிளியையும் செல்லம் அக்காவின் மேசையையும் அருகருகே வைத்தார். “இவை வெவ்வேறு ஆட்கள் வரைந்தவையா? எல்லாவற்றிலும் ஒரே கை தெரிகிறதே?”

கம்சனா சந்தோஷமாகவே விளக்கினாள். எங்கள் வீடுகளில் யாராவது ஒரு ஏனத்தில் சாப்பாடு தந்தால் அதைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அதுபோலத்தான் இதுவும் என்றாள். அந்த அம்மா கோபிக்கவில்லை. “அழகான வழக்கம்” என்றார். பிறகு கதிரையில் இருந்த மனிதரை விரலால் காட்டி, “இவரை அந்தப் பெண் கேட்டாரா?” என்றார்.

“இல்லை.”

“அப்படியென்றால் அந்தக் கதிரை யாருக்காகக் காலியாக இருந்ததென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கம்சனா படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பில் வைத்தாள். இத்தனை புதன்கள் ஒரே மேசையில் இருந்திருக்கிறோம். எங்களில் ஒருத்திக்குக்கூட அந்தக் கேள்வி வரவில்லையே! விண்ணப்ப முடிவு நாள் வெள்ளிக்கிழமை. அறிக்கை பிழை என்றால் இந்த வருடம் இல்லை. அடுத்த வருடம் வேலையில் விடுப்புத் தருவார்களோ தெரியாது. டோர்ட்மண்டில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே செல்லம் அக்காவிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

செல்லம் அக்கா கோப்பி போட்டார். சமையலறையில் நாலு கதிரைகள். சுவரில் ஒரு படம் நன்றாகச் சரிந்திருந்தது. கம்சனா அதைப் பார்க்கவேயில்லை. நின்றபடியே கேட்டாள். “அக்கா, அந்தக் கதிரை அவருக்குத்தானே?”

செல்லம் அக்கா கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “இல்லைப் பிள்ளை. அது லவினியாவின்ரை.”

லவினியா அவருடைய ஒரே மகள். அவளுடைய கலியாணத்துக்கு மணவறை சோடித்தது கம்சனாதான். அவள் கணவனோடு லண்டனில் இருக்கிறாள் என்பதுதான் ஊர் முழுக்க அறிந்த கதை. நானும் எத்தனையோ தரம் “மகள் எப்பிடி, லண்டன் குளிர் எப்பிடி?” என்று கேட்டிருக்கிறேன். அவரும் “ஓம், குளிர்தான்” என்று சொல்லியிருக்கிறார்.

“லண்டனுமில்லை ஒண்டுமில்லை. அவன் அடிக்கிறான் எண்டு ஆறு மாசத்திலை திரும்பி வந்தவள். மானம் போகுது, திரும்பிப் போ எண்டார் இவர். மாட்டன் எண்டவள். அப்ப இந்த வீட்டு வாசலை மிதியாதை எண்டு கலைச்சுப்போட்டார். இங்கைதான் ஹோர்டேயிலை இருக்கிறாள். இவர் இருக்கேக்கை ஒருக்கா ஊபான் ரயிலிலை கண்டனான். இவருக்குத் தெரிஞ்சாலெண்ட பயத்திலை நான் அடுத்த தரிப்பிலை இறங்கியிட்டன். இவர் போன பிறகும் எந்த முகத்தோடை அவளைத் தேடிப் போறது?”

ஹோர்டே! இந்த வீட்டிலிருந்து அரைமணி நேரம்கூட இல்லை. எந்த மனிதர் அந்தப் பிள்ளையைக் கதிரையிலிருந்து எழுப்பித் துரத்தினாரோ, அவரையே திருநீறும் சிரிப்புமாக அதில் இருத்தியிருக்கிறோம். போதாததற்குக் கண்கலங்கியும் இருக்கிறோம்.

“அக்கா, ஏன் என்னைத் தடுக்கேல்லை? ஏன் பிறகும் பிறகும் அவரையே கீறினீங்கள்?” கம்சனா கேட்டாள்.

“நீர் அவ்வளவு ஆசையாச் செய்துகொண்டு வந்தனீர். பிழையெண்டு எப்பிடிச் சொல்லுறது? உமக்கு அதுதான் விருப்பமெண்டு நினைச்சுக் கீறினனான்.” பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிப்போட்டது. “உம்மடை படிப்புக்குத் தேவையெண்டா இன்னும் ரெண்டு மூண்டு கீறித் தாறன் பிள்ளை. அவரின்ரை முகம் இப்ப எனக்கு நல்லா வருது.”

கம்சனா அந்த இடத்திலேயே அழுதாள். “வேண்டாம் அக்கா, என்னாலை ஏலாது” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வியாழனும் வெள்ளியும் இருந்து அறிக்கையைப் புதிதாக எழுதினாள். செல்லம் அக்காவின் கதையை அதில் சேர்க்கவில்லை. குழுவின் படங்களையெல்லாம் எடுத்துவிட்டாள். மற்றவர்களின் படங்களில் தான் கை வைத்ததையும் அதற்கான காரணத்தையும் மறைக்காமல் எழுதி அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. எடுப்பார்களா, தூக்கி எறிவார்களா, எனக்குத் தெரியாது. எடுக்காவிட்டால் நான் அந்தக் கல்லூரிக்கே போய்ச் சண்டை பிடிப்பேன்.

போன புதன் செல்லம் அக்கா மறுபடி மேசையைக் கீறினார். மூன்று கதிரைகளுக்கு மண்ணிறம். நாலாவது வெள்ளை. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “என்ன செல்லம், இண்டைக்கு அவரைக் காணேல்லை?” என்று கேட்டார்.

“இது என்ரை மகளின்ரை கதிரை” என்றார் செல்லம் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. “லவினியா லண்டனிலை இல்லை. இங்கைதான் இருக்கிறாள்.”

யாருக்கும் யாரையும் பார்க்கத் துணிவில்லை. செல்லம் அக்காவின் கண்ணீர் அந்த வெள்ளைக் கதிரையில் விழுந்து கடதாசி ஊறியது. எதிரே இருந்த கம்சனாவின் கை மேசைமேல் வந்து, மண்ணிறச் சாயம்வரை போனது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்தாள்.