வெள்ளைக்குத் திரும்பாத வரிகள்

"எல்லாமே செவந்துபோச்சு, இங்க வந்து பாரு!" என்று ஆலையை நடத்துபவரும் எல்லோரும் மரியாதையாக 'சீ' சேர்த்துக் கூப்பிடுபவருமான மொன்ஸெஃப் கத்தியபோது ரவுதா, ஆலை முற்றத்தில் யாருடையதோ ஓர் ஆலிவ் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தாள். நடுவில் காய்கள் இளஞ்சூடாக இருந்தன. பறித்துக் குவித்த காய் எப்படித் தானாகச் சூடேறுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

அலுவலக அறையின் கணினியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள், வெளியே நிற்பவர்களும் பார்க்கட்டும் என்று. திரையில், ரவுதா எழுதிக் கொடுத்த புரோகிராமில், எண்ணெய் ஆட்டக் காத்திருக்கும் பதினேழு பேரின் பெயர்கள். சூடேறிய காய் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், காய் சூடேறியவருக்கு முதல் முறை என்பது ஆலை வழக்கம். அவர் வரி மட்டும் சிவக்க வேண்டும். அன்று சூடேறிய காய் பன்னிரண்டாவது ஆளான மப்ரூக்காவுடையது ஒன்றுதான். பறித்து நாலு நாளாகியும் வண்டி கிடைக்காமல் அன்றுதான் கொண்டுவந்திருந்தாள். ஆனால் பதினேழு வரியும் சிவப்பு.

"மொதல்ல எப்படி இருந்துச்சு?"

"அந்தம்மா பேரும் அதுக்குக் கீழ இருக்கறதும் மட்டும் செவப்பு. திரையில அந்த எடை போடற ஜன்னலைத் தொறந்து மூடினேன், மேல இருக்கறதும் செவந்துடுச்சு. என்ன, தொத்து வியாதியா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்து நின்ற புபக்கர் குரல் கொடுத்தார். "மெஷினே சொல்லுது, என் காயும் சூடுதான். மொதல்ல என் மூட்டையைத் தூக்குங்க."

"நேத்து சாயங்காலம் பறிச்ச காய்க்கு அதுக்குள்ள காய்ச்சலா?" என்றாள் மப்ரூக்கா. "உன் நெத்தியைத் தொட்டுப் பாரு, சூடு அங்கதான்."

"உனக்கென்ன அம்மணி, நீ பேசியே எண்ணெய் எடுத்துடுவ."

முற்றம் சிரித்தது. மொன்ஸெஃப் சிரிக்கவில்லை. "மகளே, சாயங்காலம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்ற வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் பலகையை எறக்கி மாட்டிடுவேன்."

பலகை அலமாரிக்கு மேல் தூசியோடு கிடந்தது. அதில் சாக்கட்டியால் பெயர் எழுதிய வருடங்களில் மொன்ஸெஃபின் மைத்துனர்கள் எப்போது வந்தாலும் மேலேதான் இருந்தார்கள். மப்ரூக்கா ஜன்னலை ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தினாள். "பலகை வந்தா நான் தொலைஞ்சேன். போன வருஷம் என் எண்ணெய் சோப்பு காய்ச்சத்தான் போச்சு. ஏதாவது பண்ணு, பொண்ணே."

ரவுதாவுக்கு முப்பத்துநாலு வயது. துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஒரு பிரிண்டர் பழுதுபார்க்கும் கடையில் பகலெல்லாம் வேலை, அன்று விடுப்பு. புரோகிராம் எழுதுவதைக் கற்றது ஒரு குறுந்தகட்டிலிருந்து, பிரெஞ்சில், தானாக. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் அவளுடைய தாய், "இவளுக்கு எதையும் பிரிச்சுப் பாக்காம இருக்க முடியாது, முதல்லயே சொல்லிடறேன்" என்று எச்சரிப்பாள். வந்தவர்களில் ஒருவன் கட்டியிருந்த கடிகாரத்தைப் பற்றி ரவுதா அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். அவன் திரும்ப வரவில்லை. அந்தக் கடிகாரம் ஏன் நாளுக்கு நாலு நிமிடம் பிந்தியது என்பது மட்டும் தெரியாமலே போய்விட்டதே என்று அவளுக்கு வருத்தம்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தான் எழுதியதை வரிவரியாகப் படித்தாள். காய் சூடு என்றால் சிவப்பு. பிழையில்லை. பதினேழு வரிக்குப் பதினேழு பெட்டிகள். ஒன்றின் நிறம் பக்கத்துப் பெட்டிக்கு எப்படிப் போகும்?

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் மொன்ஸெஃப். "வரிக் கடைசியில டிக் போட ஒரு சின்னக் கட்டம் வச்சியே, காலையிலேர்ந்து அமுக்கறேன். அமுங்கவே மாட்டேங்குது. சுவத்துல கதவு வரைஞ்ச மாதிரி வச்சிருக்க."

ரவுதா திரும்பி அவரைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"கதவுன்னேன்."

அவள் ஒரு வேலை செய்தாள். வரிக்கான பெட்டி புதிதாக உருவாகும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி அச்சாகட்டும் என்று எழுதி, புரோகிராமை ஓட்டினாள். பதினேழு புள்ளிகளை எதிர்பார்த்தாள். ஒன்று வந்தது. மூடித் திறந்து ஓட்டினாள். ஒன்றுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேசையில் கிடந்த ஆலையின் ரப்பர் முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, ஒரு பழைய தாளில் மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே போனாள். குத்திய இடமெல்லாம் சிவப்பு.

"என் தாளை ஏன் பாழாக்கற?"

"சீ மொன்ஸெஃப், இங்க பதினேழு பெட்டி இல்ல. ஒரே பெட்டிதான். பேரை மாத்திக்கிட்டு ஒவ்வொரு வரியிலயும் தன் படத்தைக் குத்திட்டு கீழ போகுது. உங்க கட்டம் வெறும் படம், அதான் அமுங்கல. செவப்பாகுன்னு சொன்னேன். மறுபடி வெள்ளையாகுன்னு யாரும் சொல்லல. அது பாட்டுக்கு செவப்போடவே கீழ போய், அடுத்த தடவை மேலேர்ந்தும் செவப்பாவே ஆரம்பிக்குது."

"சொல்லித் தொலையேன்."

காய் சூடில்லை என்றால் வெள்ளை. அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினாள். திரை வெளுத்தது. மப்ரூக்காவின் பெயர் மட்டும் நடுவில் சிவந்து நின்றது. எடை ஜன்னலைத் திறந்து மூடினாள். பத்து முறை செய்தாள். ஒன்பதும் பத்தும் தேவைக்காக அல்ல.

"என் காய்ச்சல் எறங்கிடுச்சு" என்றார் புபக்கர், வெளியிலிருந்து.

நாலாவது வரி மொன்ஸெஃபின் மூத்த மைத்துனருடையது. வெள்ளை. மொன்ஸெஃப் அதைச் சற்று நேரம் பார்த்தார், அலமாரிக்கு மேலிருந்த பலகையையும் பார்த்தார். பாங்கு கேட்டது. "அந்தம்மா மூட்டையைத் தூக்குங்கடா" என்று முற்றத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

மறுநாள் மழை பெய்தது. காய் பறிக்க யாரும் போகவில்லை. பட்டியலில் நாலு பேர் இருந்தார்கள், ஒரு வரியும் சிவக்கவில்லை. மப்ரூக்கா ஆறு தகர டின்களில் எண்ணெயை ஏற்றிக்கொண்டு போனாள். ரவுதா கடையில் இரண்டு பிரிண்டர்களைப் பிரித்து மாட்டினாள், மதியம் கொண்டைக்கடலை போட்ட லப்லபி சூப் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு மொன்ஸெஃப் போன் செய்து, கட்டம் எப்போது அமுங்கும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.