உளியைக் கட்டிக்கொண்டவர்

ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு கலைஞரைப் பற்றிப் பேச வேண்டும் என்று டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். என் தோழிக்கு ஊரறிந்த இத்தாலிய ஓவியர் கிடைத்தார். எனக்கு வாய்த்தவர், காலனி ஆட்சிக்கால பிரேசிலில் தேவாலயங்களுக்குச் சிலை செதுக்கிய ஒரு சிற்பி. பெயரே என் வாயில் நுழையவில்லை. கலிபோர்னியாவில், சான் ரமோனில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழுகையோடுதான் வந்தேன்.

அம்மா நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். கிடைத்த ஒரே தடிப் புத்தகத்தைச் சமையலறை மேஜையில் விரித்து நான் வாசிக்க, அவள் கேட்டாள். அந்தச் சிற்பி அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர். நடுவயதில் ஏதோ நோய் வந்து விரல்கள் மடங்கிப்போயின. யார் கண்ணிலும் படாமலிருக்க, உடம்பை மூடிக்கொண்டு விடியும் முன்பே வேலைக்குப் போவாராம். உதவியாளர்கள் அவர் கையில் உளியைக் கட்டிவிட, மாக்கல்லில் பன்னிரண்டு தீர்க்கதரிசிகளைச் செதுக்கினார். அவர்கள் இன்றும் ஒரு தேவாலய வாசலில் நிற்கிறார்கள்.

"அந்தக் கட்டின எடத்த மறுபடி படி," என்றாள் அம்மா.

படித்தேன். மூன்றாம் முறையும் கேட்டபோது எரிச்சல் வந்தது. "மாம், ஐ ஆல்ரெடி ரெட் இட்!"

அப்போதெல்லாம் அம்மா வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டர் பையிலேயே கையை வைத்திருப்பாள். ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகும் சனிக்கிழமை பாட்லக் விருந்துகளுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தாள். ஆன்ட்டிகளின் பேச்சு போரடிக்கிறதாம். நம்பினேன், எனக்கும் அது போர்தான்.

வகுப்பில் காட்ட, சோப்புக் கட்டியில் ஒரு தீர்க்கதரிசி செய்யத் தொடங்கினேன். தாடி சரியாக வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அம்மா வலது கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. பார்த்தேன், ஆனால் என் கவலையெல்லாம் தாடியில் இருந்தது.

"பட்டர் நைஃப என் கைல கட்டு. உன் ரிப்பன எடு, ட்ரை பண்ணலாம்."

எனக்கு ஒரே குஷி. கட்டினேன்.

"இன்னும் டைட்டா," என்றாள்.

தோளிலிருந்து கையை அசைத்து அசைத்துச் சீவினாள். மேஜையெல்லாம் சோப்புத் தூள். கோணலாக, ஆனால் நிஜமாகவே ஒரு தாடி வந்தது. அம்மா சத்தம்போட்டுச் சிரித்து வெகுநாளாகியிருந்தது, அன்று சிரித்தாள்.

அந்த நேரம் அப்பா ஆபீஸிலிருந்து வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கையையே பார்த்தார்.

"எத்தன நாளா?" என்றார்.

அம்மா தலை நிமிராமல், "நாலு மாசமா," என்றாள்.

சிலையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, அம்மா கணக்கில் எப்போதுமே இப்படித்தான் என்ற அலுப்போடு நான் குறுக்கே புகுந்து திருத்தினேன்: "நோ அப்பா, ஜஸ்ட் டுடே!"