கடிக்குதோ, அன்ரி?

ஒஸ்லோவிலை நான் வேலை செய்த பனிச்சறுக்குக் கடைக்கு நாலு சனிக்கிழமை தொடர்ந்து ஒரு அன்ரி வந்தவ. பஸ் ஓட்டுறவ, சீருடையோடையே வருவா. ஸ்னோபோர்ட் எண்ட பனிச்சறுக்குப் பலகையைச் சரிச்சு வளைச்சு ஓட, குதிக்கால் அசையாத கடினமான பிளாஸ்டிக் சப்பாத்து அவவுக்கு வேணுமாயிருந்தது.

போட்டவுடனை முழங்காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு நிப்பா. "குதிக்கால் எழும்புது, பிள்ளை" எண்டு கழற்றுவா. ரெண்டு கம்பளிச் சொக்ஸுக்காகப் பெரிசு எடுக்கிறியள், அதுதான் எழும்புது எண்டு நான் சொன்னால், "இந்தக் குளிருக்கு ஒண்டு காணுமோ?" எண்டு சண்டைக்கு வருவா.

நாலாவது சனிக்கிழமை மெல்லிசான ஒரு சொக்ஸோடை வந்து, தானே ஒரு அளவு சின்னதாய்க் கேட்டா. போட்டுக்கொண்டு கன நேரம் அசையேல்லை.

"கடிக்குதோ, அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. பிடிக்குது."

கண்ணைத் திறக்காமலே, பனியிலை வளைஞ்சு ஓடுறமாதிரி இடப்பக்கம் சரிஞ்சா. கடை பூட்டுற நேரம் தாண்டியும், கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.