மூன்றாம் மேசைக் கதிரை

அந்தப் பயிற்சி மண்டபத்தில் கதிரைகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பிரம்பு பின்னியது, நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கும். மூன்றாம் மேசைக்கு முன்னால் அதை யாராவது இழுத்துப் போடும்போது சீமெந்துத் தரையில் கரகரவென்று ஒரு சத்தம் எழும். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்கு மேலே குடியிருப்பவர்கள் கதிரை நகர்த்தினாலும் இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தந்தான் கேட்கிறது.

நான் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். உளவுத் தகவல் திரட்டும் நான்கு திணைக்களங்களின் இளம் அதிகாரிகளை ஒன்றாக இருத்திப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தபோது, தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னை அங்கே அனுப்பினார்கள். அதை ஒருங்கிணைத்தவரை எல்லோரும் ‘சேர்’ என்றே அழைத்தோம். ஓய்வு பெறப்போகும் வயதிலிருந்த சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அழைப்புக் கடிதத்தில் எந்தத் திணைக்களத்தின் பெயர் முதலில் வருவது என்பதிலேயே வாரக்கணக்கில் இழுபறி. கடைசியில் சேர் நான்கு கடிதங்கள் அடித்தார். ஒவ்வொன்றிலும் அதைப் பெறுகிறவர்களின் பெயரே முதலில் இருந்தது. வந்தவர்களோ கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி நான்கு மூலைகளில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். சேர் பார்சலை நிறுத்திவிட்டு ஒரே சட்டியில் கறியும் ஒரே ஒரு கரண்டியும் வைக்கச் சொன்னார். “கரண்டியைக் கேக்கவாவது கதைக்கட்டும் மிஸ்” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு பயிற்சியின் கடைசி நாளிலும் ஒரு ஒத்திகை நடக்கும். ஓர் இளைஞனைக் காணவில்லை. நான்கு மேசைகள், நான்கு திணைக்களங்கள். ஒவ்வொரு மேசையிலும் அவனைப் பற்றி ஒரு துண்டுத் தகவல். நான்கையும் சேர்த்தால் அவன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறான் என்று தெரிந்துவிடும். சேர்ப்பதற்கு யாராவது எழுந்து பக்கத்து மேசைக்குப் போனால் போதும். தாய் ஒருத்தி மேசை மேசையாகப் போய்க் கேட்பாள். ஒருவரும் எழும்பமாட்டார்கள். எல்லோருக்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். நேரம் முடிந்ததும் சேர் மணியை அடித்து, “பிள்ளை இப்போது அங்கே இல்லை” என்று சிங்களத்தில் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார்.

அந்தத் தாயாக நடித்தவள் நான். நடிக்க எனக்குக் கஷ்டமில்லை. யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போன என் அண்ணா வீடு திரும்பவில்லை. பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். கொண்டுபோனது யார் என்று சொல்ல ஆளில்லை. அம்மா அவனுடைய படத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பொலிஸ், இராணுவம் என்று ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினா. பெட்டிக்குள் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும். கண்டால் உடனே கொடுக்கலாமாம். எல்லா இடத்திலும் “எங்களிடம் இல்லை” என்ற ஒரே பதில். ஒரேயொரு இடத்தில் மட்டும் ஓர் இளம் அதிகாரி எழுந்து வந்து கதிரை போட்டிருக்கிறார். “நிக்காதேங்கோ அம்மா எண்டு சொன்னவன். அந்தப் பெடியன் நல்லா இருக்கவேணும்” என்று அம்மா சொல்லாத நாளில்லை. கோயிலில் அண்ணாவின் பெயருக்கு அர்ச்சனை செய்தபின் இன்னொன்றும் செய்விப்பா. பெயர், நட்சத்திரம் கேட்கும் ஐயருக்கு, “பேர் தெரியாது ஐயா, கதிரை தந்த பிள்ளை எண்டு சொல்லுங்கோ” என்பா. ஐயரும் பழகிப்போய் அப்படியே சொல்லுவார்.

இதை நான் சேரிடம் சொன்னதில்லை. ஆனால் ஒத்திகைக்கு முன் மூன்றாம் மேசைக்கு மட்டும் அவர் தனியாக ஒன்று சொல்லுவார்: “அந்த அம்மாவுக்குக் கதிரை கொடு. வேறொன்றும் கொடுக்காதே.” முதல் தடவை அதைக் காட்சிக்கு அழகு சேர்க்கும் வேலை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அந்தக் கதிரையில் உட்கார்ந்தபோது அம்மாவின் ‘கதிரை தந்த பிள்ளை’ ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்க வாயெடுப்பேன், பயத்தில் விட்டுவிடுவேன்.

ஒரு பயிற்சியில் மூன்றாம் மேசையில் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். எனக்குக் கதிரை போட்டவள், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் காகிதத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், அடுத்த மேசைக்கு நடந்து போனாள். மற்ற இரண்டு மேசைக்காரரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு எழுந்து வந்தார்கள். ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மண்டபமே கைதட்டியது. சேர் மணியை அடிக்கவில்லை, வெளியே போய்விட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். “இவ்வளவுதான் வேலை, மிஸ்” என்றார். அந்தக் கதிரை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாய் வந்தாவாம், கதிரை போட்டு இருத்தினாராம். மகன் பக்கத்து வீதியிலிருந்த வேறொரு கந்தோரில் இருக்கிறான் என்ற தகவல் அவருடைய மேசையிலேயே கிடந்ததாம். “சொல்ல எனக்கு ஓடர் இல்லை. மேல கேட்டு அனுப்பினன். பதில் வர முந்தி அந்தப் பிள்ளை அங்க இல்லை. அந்த அம்மாட கையில சாப்பாட்டுப் பெட்டி ஒண்டு இருந்தது.”

“அது என்ர அம்மா” என்றேன்.

அவர் எழுந்து நின்றார். பிறகு, வந்து அம்மாவின் காலில் விழட்டுமா என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் படியிலிருந்து தள்ளியிருப்பேன். வரவேண்டாம் என்றேன். அத்தனை வருஷ அலைச்சலில் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே நல்ல மனிதர் அவர்தான். அதையும் எப்படிப் பறிப்பது? அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போலக் கேட்டா: “போன இடத்தில இருக்கச் சொன்னவையோ, பிள்ளை?”

“ஓம் அம்மா, கதிரை தந்தவை” என்றேன்.

போன வருஷம் அம்மா இறந்துபோனா, கடைசிவரை ஒன்றும் தெரியாமலே. செத்தவீட்டுக்கு சேர் வந்தார். ஓய்வு பெற்று மெலிந்திருந்தார். அம்மாவின் தலைமாட்டில் கைகட்டி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் ஏதாவது சொல்லமாட்டேனா என்று பார்த்தபடியே நின்றார். அவர் எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிட்டேன் என்ற ஒரு சொல்லுக்காக. சுவரோரம் கிடந்த கதிரை ஒன்றைக் கரகரவென்று இழுத்து அவருக்கு முன்னால் போட்டேன்.

“நிக்காதேங்கோ சேர்” என்றேன். வேறொன்றும் கொடுக்கவில்லை.